பதினாலாவது சரிங்க

'சரி' என்ற சொல்லுக்கு என் நோட்டில் பத்தொன்பது அர்த்தம் எழுதி வைத்திருக்கிறேன். காதில் விழுந்தது என்று ஒரு சரி. போதும் நிறுத்து என்று ஒரு சரி. நீ சொல்வது பொய், ஆனால் சண்டை போட எனக்கு நேரமில்லை என்று ஒரு சரி. 'கல்யாணத்துக்கு அவசியம் வந்துருங்க' என்றதும் வரும் சரிக்கு, வரப்போவதில்லை என்று அர்த்தம். நான் வேலை செய்யும் கம்பெனிக்கு மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பணத்தை எடுத்துக்கொள்.

என் பெயர் வசுமதி. வயது முப்பத்தைந்து. மொழியியலில் எம்.ஏ. படித்துவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் என் இரண்டு காதுகளையும் மாதச் சம்பளத்துக்கு விட்டிருக்கிறேன். பதவியின் பெயர் ஒப்புதல் செவிமடுப்பாளர். விசிட்டிங் கார்டில் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் கேட்டால் 'போன் பேசற வேலை' என்பார்கள்.

வாயால் இயக்கும் பணப்பையான குரல்பை வந்த பிறகு பணம் அனுப்ப ரகசிய எண் கிடையாது. காதுக்குப் பின்னால் ஒட்டிய பொட்டு உங்களிடம் கேட்கும், நீங்கள் வாயால் ஒப்புக்கொண்டால் போதும். எண்ணைத் திருடலாம், குரலை எப்படித் திருடுவான் என்று விளம்பரத்தில் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் செய்த கள்ளக் குரல் செல்லாது, ஏனென்றால் உங்கள் தாடை எலும்பு அதிர்ந்தால்தான் பொட்டு ஏற்றுக்கொள்ளும். வாயால் சொன்னது கையெழுத்துக்குச் சமம் என்று சட்டமும் வந்தது. திருடர்கள் அசரவில்லை. உங்கள் வாயாலேயே சொல்ல வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

'நான் ஒப்புக்கொள்ளவில்லை' என்று யாராவது உடனே முறையிட்டால், அவருடைய பணம் நாற்பது நிமிடம் அப்படியே நிற்கும். எங்கள் மாடியில் அந்த இடத்துக்கு வாசல் என்று பெயர். அதற்குள் எங்களில் ஒருவர் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு 'ஒப்புதல்' அல்லது 'ஒப்புதல் இல்லை' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் கடிகாரமே ஒப்புதல் என்று அழுத்திவிடும். வாசலைத் தாண்டிய பணம் ஐந்து நிமிடத்தில் நூறு துண்டாகி நூறு பைகளுக்குள் போய்விடும். அதன் பிறகு போலீசில் புகார் கொடுக்கலாம். ரசீது தருவார்கள்.

அன்று மதியம் இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு, எலுமிச்சை சாத டிபன் பாக்ஸின் மூடியில் கை வைத்த நேரத்தில், எனக்கு ஒரு முறையீடு வந்தது. தொகை தொண்ணூறாயிரம். முறையிட்டவர் வயது பத்தொன்பது. டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு லைனை எடுத்தேன்.

"ஏனுங்க்கா, கேக்குதுங்களா? நான் ஒண்ணுமே பண்ணலீங்க. காசு போயிருச்சுங்க."

"போகலை. வாசல்ல நிக்குது. ரெண்டு நாப்பத்தாறு வரைக்கும் நிக்கும். பதறாமச் சொல்லு. உம் பேரு என்ன?"

"மௌனிகாங்க."

வாயால் மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு வைத்த பெயரைப் பாருங்கள். சிரிக்கக் கூடாத நேரம் என்பதால் சிரிக்கவில்லை.

அவிநாசி பக்கம் ஊர். பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் பணத்தைச் சேர்த்து, கோவையில் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் வாங்கியிருக்கிறாள். ஃபீஸ் கட்டத்தான் அன்று பஸ் ஏறி வந்திருந்தாள். இப்போது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாலு மணிக்குள்ள கட்டோணுங்க. கட்டலீன்னா வெய்ட்டிங் லிஸ்ட்டுல இருக்கற புள்ளைக்கு சீட்டைக் குடுத்துருவாங்களாமா. அப்பறம் அடுத்த வருசந்தானுங்க. அடுத்த வருசம் எங்கூட்டுல உடமாட்டாங்கக்கா. இந்த வருசமே சண்டை போட்டுத்தான் வந்தேன்."

"போன் பண்ணுனது யாரு?"

"காலேஜ் ஆபீஸ்னு ஒரு அம்மா பேசுனாங்க."

"காசு கேட்டாங்களா?"

"காசுங்கற வார்த்தையே அவங்க வாயில வரலீங்க. வந்திருந்தா உசாராயிருப்பனுங்க. ஸ்கூல்ல டிஜிட்டல் பண வகுப்புல நான்தான் ஃபர்ஸ்ட்டு. எவர்சில்வர் டிபன் பாக்ஸு ப்ரைஸு குடுத்தாங்க. தெரியாதவங்க காசு கேட்டா போனை வெச்சிரோணும். லிங்க்கைத் தொடக் கூடாது. பொட்டைக் கழட்டி யாருகிட்டயும் குடுக்கக் கூடாது. அவசரப்படுத்துனா சந்தேகப்படோணும். ஒண்ணையுமே மீறலீங்க்கா. சத்தியமா."

அவள் சொன்னது உண்மை என்று எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. அந்த வகுப்பில் சொல்லிக்கொடுப்பதெல்லாம் போன வருடத்துத் திருடனிடமிருந்து தப்பிக்கும் வழி. இந்த வருடத்துத் திருடனுக்குப் பாடப்புத்தகம் இன்னும் அச்சாகவில்லை.

"லைன்லயே இரு. பதிவைக் கேட்டுட்டு வர்றேன்."

"சரிங்க."

"அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரத்துக்குச் சொல்லாதே."

"சரி... அய்யோ. மன்னிச்சிருங்க்கா."

பதிவை ஓட விட்டேன். போன் செய்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலில் அவசரமே இல்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வரும் பெரியம்மாவைப் போல ஒரு குரல். மௌனிகா எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேரப்போகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னைக்கு வர்றீல்ல கண்ணு? டி.சி. ஒரிஜினலை எடுத்துக்க."

"சரிங்க."

"மார்க் ஷீட்டு ரெண்டு ஜெராக்ஸ்."

"சரிங்க."

"சாதிச் சான்றிதழ்."

"சரிங்க."

"போட்டோ நாலு. பின்னாடி பேரு எழுதீரு. பென்சில்ல எழுது, பேனான்னா முன்னாடி தெரியும்."

"சரிங்க."

இப்படியே போனது. ஆதார் நகல், ரத்தப் பிரிவு, ஹாஸ்டல் வேண்டாம் என்று ஒரு கடிதம். நான் விரல் விட்டு எண்ணினேன். பதிமூன்று சரிங்க. எல்லாம் ஒரே தாளத்தில், ஒரே உயரத்தில், அவள் சொல்லி முடித்த ஒரு நொடிக்குள். அந்தப் பெண்மணி பட்டியல் சொல்லவில்லை, மௌனிகாவின் வாயைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கண்ணு நிக்கற?"

"சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுங்க."

"சாப்டியா?"

"இல்லீங்க."

"மணி ரெண்டாகப் போகுது. வெறும் வயித்துல அலையாத. போய்ச் சாப்பிடு சாமி."

"சரிங்க."

அதுதான் பதினாலாவது. போன் அதோடு துண்டிக்கப்பட்டது.

பொட்டு பேசியதை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டேன். 'போய்ச் சாப்பிடு' என்று அவள் சொல்லும்போதே, அடியில் மெல்லிய குரலில் பொட்டு கேட்டிருக்கிறது: 'தொண்ணூறாயிரம் ரூபாய்க்குக் கேட்பு வந்துள்ளது. அனுப்பட்டுமா?' நீங்கள் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் பொட்டு சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அதே நொடியில் ஒரு பஸ் ஹாரன் வேறு. 'அனுப்பட்டுமா' முடிந்ததற்கும் 'சாப்பிடு சாமி' முடிந்ததற்கும் இடையில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

போய்ச் சாப்பிடு என்று ஒரு பெரியவர் சொன்னால், எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை முடியாது என்று சொல்லும்? பசிக்காவிட்டாலும் சரிங்கதான். அந்தத் திருடி எங்களில் ஒருத்தி.

எங்களுக்கு முன்பே பதிவைக் கேட்டுவிடும் மெஷினின் தீர்ப்பு திரையில் பச்சை எழுத்தில் இருந்தது. ஒப்புதல், தொண்ணூற்றெட்டு சதவீதம்.

மெஷினைத் திட்ட எனக்கு வாயில்லை. அதற்குச் சரி என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஆறு வருடத்துக்கு முன் வீட்டிலிருந்தபடியே ஒலித் துண்டுகளைக் கேட்டு ஆம், இல்லை, தெளிவில்லை என்று குறிக்கும் வேலை செய்தேன். துண்டுக்கு இருபத்தைந்து பைசா. 'தெளிவில்லை' என்று அதிகம் போட்டால் கூலியைப் பிடிப்பார்கள். அப்போது வயிற்றில் பிள்ளை, வீட்டுக்காரருக்கு வேலையில்லை. கிட்டத்தட்ட ஒரு லட்சம் சரிக்கு ஆம் என்று போட்டேன். முக்கால்வாசி, பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மணி இரண்டு பதினெட்டு. ஒரு தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டும். 'பாவம்' என்பது காரணத்தில் சேராது.

"மௌனிகா, இருக்கியா? பொட்டு கேட்டது உனக்குக் காதுல விழுந்துச்சா?"

"இல்லீங்க்கா. போனை வெச்சப்பறம் காசு போயிருச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, அப்பத்தான் தெரியும். அந்தம்மா சாப்புடச் சொன்னாங்க, நான் அவங்களுக்குத்தான் பதில் சொன்னேன்."

"அதை நான் நம்பறேன். மெஷின் நம்பாது. நீ எப்பவும் உன் பைகிட்ட எப்படிப் பேசுவே?"

"பைகிட்ட என்னத்தப் பேசறதுங்க? அது என்ன ஆளுங்களா?"

எனக்குச் சட்டென்று முதுகு நிமிர்ந்தது.

"பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கறப்ப அது அனுப்பட்டுமான்னு கேக்குமில்ல. என்ன சொல்லுவே?"

"'ம்'ம்பேன். இல்லீன்னா 'போடு'ம்பேன். என்ன சொன்னாலும் எடுத்துக்குமுங்க."

எங்கள் பக்கத்தில் 'ங்க' போடாமல் பேச்சு கிடையாது. பால்காரருக்கு ங்க, கண்டக்டருக்கு ங்க, கட்டிய பெண்டாட்டிக்கும் ங்க. 'மூஞ்சிய ஒடச்சுப்போடுவனுங்க' என்று சண்டை போடும் ஊர் இது. ஆனால் அந்த ங்க எல்லாம் ஆளுக்குத்தான். குழாயிடம் யாரும் 'வாங்க' என்று சொல்வதில்லை. கதவிடம் 'தொறங்க' என்று கெஞ்சுவதில்லை. தன் பணப்பையிடம் ஒரு பெண் எதற்கு 'சரிங்க' என்று சொல்லப்போகிறாள்?

அவளுடைய பழைய பதிவுகளைத் திறந்தேன். பை வாங்கிய நாளிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு முறை பணம் அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரே ஒரு இடத்தில் 'சரிங்க' இருந்தாலும் என் வாதம் செத்தது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ம். ம். போடு. அனுப்பு. ம். பஸ், டீ, மருந்துக்கடை, பஸ். 'ஆமா அனுப்பு.' தம்பிக்கு ஏதோ விளையாட்டு வாங்கிக் கொடுத்தபோது, 'அனுப்பித் தொலை.' ஒரு ஜவுளிக்கடையில், கடைக்காரரிடம் 'கொறச்சுக்கோங்க' என்று கெஞ்சிவிட்டு, அதே மூச்சில் பையிடம் 'சரி போடு' என்றிருந்தாள். அங்கே நிறுத்தி இரண்டு முறை கேட்டேன். ஒரே வாக்கியத்தில் ஆளுக்கு ங்க, பைக்கு வெறும் சரி. ஒவ்வொரு வருடப் பதிவாக ஓடி, எல்லாம் முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டிலும் ஒரு ங்க இல்லை. பாடம் எடுத்தாலும் இவ்வளவு சுத்தமாக உதாரணம் கிடைக்காது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் சபரிநாதன் நின்றிருந்தார். எங்கள் மாடியின் தலைவர். என்னைவிட நான்கு வயது சின்னவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மணி இரண்டு முப்பத்திரண்டு.

"என்ன வசு மேடம், இன்னும் முடிக்கலையா? மெஷின் தொண்ணூத்தெட்டு சொல்லுதே."

"மெஷினுக்கு 'ங்க' தெரியலை சபரி சார்" என்று விஷயத்தைச் சொன்னேன். அவரும் இந்த ஊர்க்காரர், கேட்டதும் புரிந்தது. ஒரு கணம் சிரித்தே விட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தீர்ப்பை மாத்திட்டீங்க. மூணாவது மாத்துனா உங்க பேரு மறுஆய்வுக்குப் போயிரும். என்னால தடுக்க முடியாது."

"அவ சாப்பிடறேன்னு சொன்னா. பணம் தர்றேன்னு சொல்லலை."

"அவ பொய் சொல்றான்னு நான் சொல்லலை மேடம். வாயால சரின்னு சொல்லிருக்கா, சட்டம் அவ்வளவுதான் கேக்குது. மனசுல என்ன இருந்துச்சுன்னு நாம தோண்ட ஆரம்பிச்சா, நாளைக்கு ஒரு கடைக்காரனும் குரல்பையில காசு வாங்க மாட்டான். சாமான் வாங்கிட்டுப் போனவன் எல்லாம், நான் பொண்டாட்டிக்குத்தான் சரி சொன்னேன்னு வந்து நிப்பான்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

"அதுவுமில்லாம" என்றபடி அவர் குனிந்து என் திரையில் ஒரு இடத்தைத் தொட்டார். "முதல் பதிவைப் பாத்தீங்களா?"

பை வாங்கும்போது ஒவ்வொருவரும் தன் ஒப்புதல் சொல்லைத் தன் குரலில் பதிந்து வைக்க வேண்டும். பிறகு வரும் எல்லா ஒப்புதலையும் மெஷின் அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். மௌனிகாவின் முதல் பதிவு அரை நொடி நீளம். அழுத்தினேன். தெளிவாக, சின்னப் பெண்ணின் உற்சாகத்தோடு, 'சரிங்க' என்று கேட்டது.

"பைகிட்ட முதல் நாளே ங்க போட்டுத்தான் பேசியிருக்கா" என்றார் சபரிநாதன். குரலில் வெற்றியெல்லாம் இல்லை. "விட்டுருங்க மேடம். மனசு கஷ்டந்தான். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா."

அவர் போய்விட்டார். பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அரை நொடி என்றால் அது வெட்டப்பட்ட துண்டு. முழுப் பதிவு வேறெங்காவது இருக்க வேண்டும். பழைய கோப்புகளிலிருந்து எடுக்கக் கோரிக்கை போட்டேன். 'தேடப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அக்கா, மணி என்னாச்சுங்க?"

"இருக்கு. நேரம் இருக்கு. பை எங்க வாங்குனே மௌனிகா?"

"ஸ்கூல்லங்க. பதினொண்ணாவது படிக்கறப்ப, அந்தப் பண வகுப்புலயே எல்லாருக்கும் குடுத்தாங்க." அதுவரை பிடித்து வைத்திருந்த அழுகை அப்போது உடைந்துவிட்டது. "ரெண்டு வருசம் நின்னுட்டே வேலை செஞ்சனுங்க்கா. ஒக்கார ஸ்டூல் தர மாட்டாங்க. ஊசி முனை ஓட்டை இருந்தாலும் தடவிப் பாத்தே பனியனை எடுத்து வெச்சுருவேன். சூப்பர்வைசரே எங்கிட்டத்தான் குடுப்பாரு. இந்த ஓட்டை எனக்குத் தெரியலீங்களே."

'கண்ணு, அழாதே' என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் திருடி கண்ணு என்றுதான் ஆரம்பித்தாள் என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். நல்ல சொல் ஒன்றை அவள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இந்த ஓட்டை உனக்கு மட்டுமில்ல, யாருக்கும் தெரியாது" என்றேன். "அழு, ஆனா போனை வெச்சிராதே."

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அடுத்த மேசைக்காரர் டீ குடிக்க எழுந்து போனார். நான் திரையைக் கையால் தட்டினேன், பழைய டிவியைத் தட்டுவது போல. இரண்டு நாற்பத்தொன்றுக்குப் பதிவு திறந்தது.

முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். நாற்பது பெண் பிள்ளைகளின் சலசலப்பு. பிறகு ஒரு ஆசிரியையின் தொண்டை கட்டிய குரல்.

"எல்லாரும் பொட்டை ஒட்டியாச்சா? இப்ப அது உங்ககிட்டக் கேக்கும். கேட்டதும் சத்தமா சரிங்கன்னு சொல்லோணும். வாய்க்குள்ள முணுமுணுத்தா பதியாது. புரிஞ்சுதா?"

நாற்பது குரலும் ஒன்றாக எழுந்தன. அதில் மௌனிகாவின் எலும்பு அதிர்ந்ததை மட்டும் பொட்டு பிரித்து எடுத்திருக்கிறது. அதைத் தனியாகக் கேட்டேன்.

'சரிங்க டீச்சர்.'

மெஷின் 'டீச்சர்' என்பதை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பையிடம் சொன்னதாக வைத்துக்கொண்டது. அந்த வகுப்பில் இருந்த நாற்பது பேருக்கும் அப்படித்தான் வைத்திருக்கும். எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வகுப்பு என்று யோசிக்க அப்போது நேரமில்லை. எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

'ஒப்புதல் இல்லை' என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. வேறு நபரின் குரல், மிரட்டல், போதை, தூக்கத்தில் பேசியது என்று ஒரு பட்டியல் விரிந்தது. மரியாதை என்று ஒன்று அதில் இல்லை. கடைசியில் இருந்த 'பிற' என்பதைத் தொட்டேன். நூறு எழுத்துக்குள் எழுதச் சொன்னது. 'இவள் தன் பையிடம் ஒருநாளும் ங்க போட்டதில்லை. இந்த ங்க போனில் பேசியவளுக்கு' என்று தட்டச்சு செய்தேன். விரல் இரண்டு முறை தவறியது. இரண்டு நாற்பத்தைந்து.

என் காதுக்குப் பின்னாலிருந்த பொட்டு பேசியது. எங்கள் சம்பளம், விடுப்பு, கையெழுத்து எல்லாமே அதன் வழியாகத்தான். "வசுமதி, இது இந்த மாதம் உங்களது மூன்றாவது மாற்றம். உறுதி செய்யட்டுமா?"

"ம். போடு" என்றேன்.

வாசலில் நின்ற தொண்ணூறாயிரம் திரும்பி நடந்தது. மறுமுனையில் ஒரு கூச்சல் கேட்டது.

"வந்துருச்சுங்க்கா! வந்துருச்சு!"

"கத்தாம நான் சொல்றதைக் கேளு. நேரா காலேஜுக்குப் போ. கவுண்டர்ல ஆளைக் கண்ணால பாத்து, 'அனுப்பு'ன்னு சொல்லிக் கட்டு. வழியில யாரு போன் பண்ணுனாலும் பொட்டைக் கழட்டிக் கையில வெச்சுட்டுப் பேசு. உங்கம்மாவே பேசுனாலும் கழட்டிட்டுப் பேசு. இது உங்க வகுப்புல சொல்லித் தராதது."

"சரி... கழட்டிடறனுங்க்கா."

மூன்று மணிக்குச் சபரிநாதன் தன் கண்ணாடி அறைக்கு என்னைக் கூப்பிட்டார். மேலிடத்திலிருந்து அதற்குள் பேசிவிட்டார்களாம். மறுஆய்வு என்று போனால் என் பெயருக்கு எதிரே சிவப்பு விழும், பிறகு எந்தக் கம்பெனியிலும் காது வேலை கிடைக்காது. நானாக விலகிக்கொண்டால் கௌரவமாக அனுப்பிவிடுவார்கள்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம். விலகல் கடிதம் சிஸ்டத்துல தயாரா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"யோசிக்கணும்" என்றேன். சரி என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. என் பையன் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போய்விடும். இந்த வேலையை விட எனக்கு வசதியுமில்லை, விட வேண்டிய தப்பும் நான் செய்யவில்லை.

மேசைக்குத் திரும்பி அடுத்தடுத்து நான்கு முறையீடு கேட்டேன். நான்கும் நிஜமான ஒப்புதல், அழுத்தி அனுப்பினேன். மூன்று நாற்பத்தெட்டுக்கு மௌனிகா மறுபடி கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல், ஏதோ மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கட்டிட்டனுங்க்கா! ரசீது கையில இருக்குது. எனக்கப்பறம் ரெண்டே பேருதான் நின்னாங்க. பொட்டைக் கழட்டி வெச்சுட்டு, போனைக் கையில பிடிச்சுத்தான் உங்ககிட்டப் பேசறேன்."

சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லாப் படி" என்றேன்.

"அக்கா, நீங்க சாப்டீங்களா?"

டிபன் பாக்ஸ் தள்ளி வைத்த இடத்திலேயே இருந்தது. "இல்ல."

"அய்யோ, மணி நாலாகப் போகுதுங்க. என்னாலதானுங்க? மொதல்ல போய்ச் சாப்பிடுங்க்கா."

"சரிம்மா" என்றேன்.

போனை வைத்தேன். திரையில் பச்சை எழுத்து வந்தது. 'உங்கள் பணி விலகல் ஒப்புதலுடன் பதிவு செய்யப்பட்டது. இதுவரை உழைத்தமைக்கு நன்றி.'

ஏதோ வேறு யாருக்கோ வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். என் பதிவைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்டேன். 'போய்ச் சாப்பிடுங்க்கா' என்பதன் அடியில், கல்லூரி மணியின் சத்தத்தோடு கலந்து, மரியாதையான ஒரு மெல்லிய குரல் இருந்தது. 'வசுமதி, பணி விலகலைப் பதிவு செய்யட்டுமா?' இரண்டும் முடிவதற்கு நடுவில் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பொட்டைக் கழற்றச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்த நான், என் பொட்டைக் கழற்றியிருக்கவில்லை.

கண்ணாடி அறையில் சபரிநாதன் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதுவது போல இருந்தார். அவர் நேரம் பார்த்து அழுத்தினாரா, மெஷினே திருடியிடமிருந்து கற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. எது என்றாலும் பயமாகத்தான் இருந்தது.

முறையீடு என்ற பொத்தானை அழுத்தினேன். 'உங்கள் முறையீடு வாசலில் உள்ளது. செவிமடுப்பாளர் ஒருவர் ஒதுக்கப்படுகிறார்' என்று வந்தது. என்னைத் தவிர இந்த மாடியில் பதினோரு பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் மாதத்துக்கு இரண்டு மாற்றம்தான். எல்லோருக்கும் வீட்டில் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் காதில் என் குரல் இப்போது ஓடப்போகிறது. நான் சொன்னது 'சரிம்மா'. கம்பெனியை யாரும் அம்மா என்று கூப்பிடுவதில்லை. அது அவர் காதில் விழ வேண்டும்.

முப்பத்தொன்பது நிமிடம் இருந்தது. நான் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். டிபன் பாக்ஸைப் பக்கத்தில் இழுத்து, மூடியைத் திறந்து, சாப்பிட ஆரம்பித்தேன்.